அத்தியாயம் 6: வரி போக, வைத்தியம் போக மிச்சம் எவ்வளவு?

வெளிநாட்டு ஆஃபர் லெட்டர் வந்த அன்று ராத்திரியே சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிடுவோம். மறுநாள் அந்த ஊரில் இருக்கும் மச்சானுக்கோ கூடப் படித்தவருக்கோ போன் போகும். “வரி எவ்வளவு பிடிப்பாங்க?” என்று கேட்போம். அவரும் ஒரு சதவீதத்தைச் சொல்வார். வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் பணம் எங்கிருந்து வரும் என்று அந்தப் பேச்சில் யாரும் கேட்பதில்லை.

வரியையும் வைத்தியச் செலவையும் தனித்தனியாகப் பார்த்தால் எந்த நாடு லாபம் என்று தெரியவே தெரியாது. ஜெர்மனி சம்பளத்தில் பெரிய துண்டை வெட்டிக்கொள்ளும். அந்தப் பிடித்தத்துக்குள்ளேயே ஆஸ்பத்திரியும் அடங்கிவிடும். துபாய் சம்பளத்தில் கை வைக்காது. குடும்பத்துக்கான பாலிசியை நீங்களே வாங்க வேண்டியிருக்கலாம். அமெரிக்கா வரியும் வாங்கும், ஆஸ்பத்திரி பில்லும் தனியாக வரும். அதனால் ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு கணக்குப் போடச் சொல்கிறேன்: எல்லாரும் நலமாக இருக்கும் வருஷத்துக்கு ஒன்று, ஒருவர் படுத்துவிட்ட வருஷத்துக்கு ஒன்று.

இங்கே தரும் தொகைகள் 2025 – 26 நிலவரம். வரி விகிதங்கள் ஆண்டுதோறும் மாறும். கணக்குப் போடும் முறையை இங்கிருந்து எடுத்துக்கொண்டு, எண்களை அந்தந்த நாட்டு அரசு இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேட்க வேண்டியவை

நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போதும். போனில் கேட்டு வாங்கிய பதிலுக்கு மதிப்பில்லை.

1. மருத்துவக் காப்பீடு எனக்கு மட்டுமா, மனைவி அல்லது கணவருக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்தா?
2. குடும்பத்துக்கான பிரீமியத்தில் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு?
3. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டா? பிரசவத்துக்கு உண்டா?
4. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மட்டுமா, டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் செலவுக்கும் சேர்த்தா? பல், கண்?
5. விசாக் கட்டணம், விசாவோடு சேர்த்துக் கட்டும் மருத்துவக் கட்டணம் ஆகியவற்றை யார் கட்டுவது? ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வேலையை விட்டால் அதைத் திருப்பிக் கேட்பீர்களா?
6. காப்பீடு முதல் நாளிலிருந்தா, தகுதிகாண் காலம் முடிந்த பிறகா?

ஐந்தாவது கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். பெரிய தொகை ஒளிந்திருப்பது அங்கேதான்.

படி 2: நலமான வருஷத்துக் கணக்கு

மொத்தச் சம்பளத்தில் வருமான வரியையும் சமூகப் பாதுகாப்புப் பிடித்தத்தையும் கழியுங்கள். குடும்பத்துக்கு நீங்கள் கட்டும் பிரீமியம், முன்கூட்டியே கட்டிய மருத்துவக் கட்டணம், வழக்கமான மருந்துச் செலவு மூன்றையும் அதிலிருந்து கழியுங்கள். வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் அடுத்த அத்தியாயத்தில்.

கணவன், மனைவி, ஆறு வயதுக் குழந்தை. ஒருவர் மட்டும் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

*லண்டன்.* ஆண்டுச் சம்பளம் 45,000 பவுண்டு. முதல் 12,570 பவுண்டுக்கு வரி இல்லை. அதற்கு மேல் 50,270 வரை 20 சதவீதம். ஆக வருமான வரி 6,486 பவுண்டு. சமூகப் பாதுகாப்புப் பிடித்தமான நேஷனல் இன்ஷூரன்ஸ் 8 சதவீதம் என்பது 2,594. கைக்கு வருவது சுமார் 35,920. மாதம் 2,993 பவுண்டு. (பென்ஷன் பிடித்தம் இதில் சேரவில்லை.)

நண்பர் சொல்லும் கணக்கு இதோடு முடிந்துவிடும். விசா விண்ணப்பத்தோடு இமிக்ரேஷன் ஹெல்த் சர்சார்ஜ் என்று ஒன்று கட்ட வேண்டும்: பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்கு உட்பட்டவருக்கு 776. நம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2,846. மூன்றாண்டு விசா என்றால் 8,538 பவுண்டை விமானம் ஏறும் முன்பே, ஊரில் இருக்கும்போதே, ஒரே தவணையில் கட்ட வேண்டும். மாதத்துக்குப் பிரித்தால் 237 பவுண்டு. இது வரியோடு வரி. விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பி வரும். விசாக் காலம் முடியும் முன் நீங்களாக நாடு திரும்பினால் மிச்ச மாதங்களுக்கு எதுவும் வராது.

நர்ஸ், டாக்டர் போன்றோருக்கான ஹெல்த் அண்ட் கேர் ஒர்க்கர் விசாவில் செல்பவர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. உடன் வரும் குடும்பத்துக்கும் கிடையாது. நர்ஸிங் முடித்துப் போகிறவர்கள், ஏஜென்ட் இந்தத் தொகையைக் கேட்டால் உடனே எச்சரிக்கையாக வேண்டும்.

*துபாய்.* சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. கடைச் சாமான்களுக்கு 5 சதவீத வாட் உண்டு. ஊழியருக்கான மருத்துவக் காப்பீடு நிறுவனத்தின் கடமை. மனைவி, பிள்ளைகளுக்கு எடுப்பது, அவர்களை ஸ்பான்சர் செய்யும் உங்கள் கடமை. அபுதாபியில் விதி வேறு. அங்கே குடும்பத்துக்கும் நிறுவனம் தரவேண்டிய பொறுப்பு உண்டு. ஷார்ஜா உள்ளிட்ட வடக்கு எமிரேட்டுகளில் தனியார் ஊழியர்களுக்கான காப்பீடு 2025 ஜனவரி 1 முதல்தான் கட்டாயமானது. அங்கே ஆண்டுக்கு 320 திர்ஹமில் ஓர் அடிப்படைத் திட்டம் இருக்கிறது. விலையைப் பார்த்து மயங்காமல், எந்த ஆஸ்பத்திரிகளில் செல்லும் என்ற நெட்வொர்க் பட்டியலைக் கேளுங்கள்.

*சிங்கப்பூர்.* ஆண்டுக்கு 84,000 சிங்கப்பூர் டாலர் என்றால், கழிவுகளுக்கு முன் வரி 3,810 டாலர்தான். எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவருக்கு சி.பி.எஃப். (அந்நாட்டுச் சேமநல நிதி) பிடித்தமும் இல்லை. வரி குறைவு என்ற பேச்சு உண்மைதான். இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம் தேவை. அங்கே வரியை மாதாமாதம் பிடிப்பதில்லை. அடுத்த ஆண்டு நோட்டீஸ் வந்த பிறகு நீங்களாகக் கட்ட வேண்டும். மாதம் ஒரு தொகையை ஒதுக்கி வைக்காதவர்கள் அப்போது விழிப்பார்கள். வேலையை விட்டுக் கிளம்பும்போது வரி தீரும்வரை நிறுவனம் உங்கள் கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கும். அது சட்டம், நிறுவனத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை.

மற்றது காப்பீடு. ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 டாலர் மருத்துவக் காப்பீடு எடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதிகச் சம்பளக்காரர் தன்னைப் பார்த்துக்கொள்வார் என்று அரசு விட்டுவிட்டது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்குமான மெடிஷீல்டு லைஃப் என்ற அரசு காப்பீடும், அரசு ஆஸ்பத்திரி மானியமும் உங்களுக்குக் கிடையாது.

*ஜெர்மனி.* சம்பளச் சீட்டைப் பார்த்தால் முதல் மாதம் வயிற்றைக் கலக்கும். வருமான வரி தனி. பென்ஷன், வேலையிழப்பு, பராமரிப்புக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு தனித்தனி. அரசு வழி மருத்துவக் காப்பீட்டில் உங்கள் பங்கு 2025இல் உச்சபட்சமாக மாதம் சுமார் 471 யூரோ. ஏறக்குறைய அதே அளவு முதலாளியும் கட்டுகிறார். அந்த ஒரே தொகைக்குள் வேலைக்குப் போகாத மனைவியும் குழந்தையும் கூடுதல் கட்டணம் இல்லாமல் சேர்ந்துவிடுவார்கள். குழந்தைக்கு அரசு உதவித்தொகையும் உண்டு; 2025இல் அது மாதம் 255 யூரோவாக இருந்தது. தனியாளுக்கு ஜெர்மனி வரி வலிக்கும்; ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு அவ்வளவு வலிக்காது என்பது என் கருத்து.

சம்பளம் உயர்ந்தவர்களைத் தனியார் மருத்துவக் காப்பீட்டுக்கு அழைப்பார்கள். இளவயதில் பிரீமியம் குறைவாகத் தெரியும். அங்கே ஒவ்வொரு தலைக்கும் தனிப் பிரீமியம், வயது ஏற ஏற உயரும், அரசு வழிக்குத் திரும்புவது கடினம். 55 வயதுக்குப் பிறகு கிட்டத்தட்ட முடியாது. குடும்பத்தோடு போகிறவர்கள் இந்தக் கதவைத் திறக்கவே வேண்டாம். கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் இன்னொன்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும்: முகவரிப் பதிவின்போது மதத்தைக் குறிப்பிட்டால் வருமான வரியின் மேல் 8 அல்லது 9 சதவீதம் சர்ச் வரி விழும்.

*ஆஸ்திரேலியா* பற்றி ஒரே ஒரு குறிப்பு. வரியோடு, மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்காக 2 சதவீதம் மெடிகேர் லெவி பிடிப்பார்கள். தற்காலிக விசாவில் போகும் இந்தியருக்குப் பொதுவாக மெடிகேர் கிடைக்காது; தனிக் காப்பீடுதான். கிடைக்காத வசதிக்கு ஏன் லெவி கட்ட வேண்டும்? தகுதி இல்லை என்ற சான்றை மெடிகேரிடமிருந்தே வாங்கி, வரிக் கணக்குத் தாக்கலில் விலக்குக் கேளுங்கள். யாரும் தானாக வந்து தரமாட்டார்கள்.

படி 3: நோய் வருஷத்துக் கணக்கு

இப்போது அதே குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு பெரிய ஆபரேஷன், மற்றொருவருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை என்று வைத்துக்கொண்டு, கைக்காசு எவ்வளவு போகும் என்று பாருங்கள்.

பிரிட்டனில் அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பில் வராது. இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு, ஸ்காட்லாந்து, வேல்ஸில் அதுவும் இல்லை. பல் வைத்தியத்துக்குத் தனிக் கட்டணம். நீங்கள் செலவழிக்கப்போவது காலம். அவசரம் இல்லாத சிகிச்சைக்கு 18 வாரம் என்பது இலக்கு. அந்த இலக்கு தொடர்ந்து தவறிக்கொண்டிருக்கிறது. மூட்டு வலியோடு போகிறவர், கண்புரைக்குத் தேதி குறித்தவர் ஊரிலேயே முடித்துவிட்டுப் போவது நல்லது.

அமெரிக்காவுக்குத் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். ஊரில் “காப்பீடு இருக்கிறது” என்றால் கேஷ்லெஸ் என்றுதான் நமக்குப் புரியும். அங்கே பாலிசி இருந்தும் பணம் போகும். உங்கள் திட்டத்தில் மூன்று எண்களைத் தேடுங்கள்:

1. டிடக்டிபிள். இந்தத் தொகை வரை முழுச் செலவும் உங்களுடையது.
2. கோஇன்ஷூரன்ஸ். அதற்குமேல் பில்லில் உங்கள் சதவீதம்.
3. அவுட் ஆஃப் பாக்கெட் மேக்ஸிமம். ஒரு வருஷத்தில் உங்கள் கையிலிருந்து போகும் உச்சம்.

டிடக்டிபிள் 3,000 டாலர், கோஇன்ஷூரன்ஸ் 20 சதவீதம், உச்சம் 8,000 என்று ஒரு திட்டம். ஆபரேஷன் பில் 40,000. முதல் 3,000 உங்களுடையது. மீதி 37,000இல் 20 சதவீதம் 7,400. மொத்தம் 10,400 ஆகிறது. உச்சம் 8,000 என்பதால் அதோடு நின்றுவிடும். உங்கள் நோய் வருஷத்துச் செலவு 8,000 டாலர், அதோடு அந்த ஆண்டு பிரீமியம். கணக்கில் எழுத வேண்டிய எண் இதுதான். 2025இல் பெரும்பாலான திட்டங்களுக்குச் சட்டம் வைத்த மேல்வரம்பு தனிநபருக்கு 9,200 டாலர், குடும்பத்துக்கு 18,400. நெட்வொர்க்குக்கு வெளியே போய்ச் செய்த செலவு இந்த வரம்புக்குள் பொதுவாகச் சேராது.

*குறிப்பு:* பல திட்டங்களில் டிடக்டிபிள் ஜனவரி 1 அன்று மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அக்டோபரில் வேலைக்குச் சேர்ந்து டிசம்பரில் ஸ்கேன், ஜனவரியில் ஆபரேஷன் என்று இழுத்தால் இரண்டு முறை கட்டுவீர்கள். தள்ளிப்போடக்கூடிய சிகிச்சை என்றால் எல்லாவற்றையும் ஒரே திட்ட ஆண்டுக்குள் வைக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

வரிப் பக்கத்திலும் அங்கே இரண்டு கண்ணிகள். சோஷியல் செக்யூரிட்டிக்கும் அமெரிக்க மெடிகேருக்கும் சேர்த்து எச்-1பி விசா ஊழியரிடம் 7.65 சதவீதம் பிடிக்கிறார்கள். இந்தியாவோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால், பத்தாண்டு வேலைக் கணக்கு நிறையாமல் திரும்புபவருக்கு சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் கிடைக்காது. அடுத்தது, ஊரில் வைத்திருக்கும் மியூச்சுவல் ஃபண்ட். அமெரிக்க வரிவாசி ஆனபின் அவற்றுக்கு மிகக் கடுமையான, சிக்கலான வரிமுறை பொருந்தும். கிளம்பும் முன் இரு நாட்டு வரியும் தெரிந்த ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசுங்கள். இந்தியக் கணக்குகளில் உள்ள மொத்தம் வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

துபாய், சிங்கப்பூரில் நோய் வருஷத்துக் கணக்கு முழுக்க உங்கள் பாலிசியின் ஆண்டு உச்சவரம்பைப் பொறுத்தது. பாலிசி எவ்வளவு தரும் என்று எல்லாரும் பார்ப்பார்கள். அந்த வரம்பு தீர்ந்த பிறகு நாள் ஒன்றுக்கு எவ்வளவு ஆகும் என்று அந்த ஊர் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள். பாலிசியின் அளவு அப்போது விளங்கும்.

படி 4: கிளம்பும் தேதி

டிக்கெட் விலையைப் பார்த்துத் தேதி குறிப்பார்கள். வரியைப் பார்த்துக் குறிப்பது நல்லது.

இந்திய நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. வேலைக்காக நாட்டைவிட்டுப் போகும் இந்தியக் குடிமகன் அந்த ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால், வரிக்கணக்கில் என்.ஆர்.ஐ. வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஏப்ரல் 1இலிருந்து எண்ணினால் செப்டம்பர் 28இல் 181 நாள் முடிகிறது. கிளம்பும் நாளை எண்ணுவதா, இடையில் வந்துபோன நாட்களை எப்படிச் சேர்ப்பது என்ற தகராறெல்லாம் வேண்டாம்; செப்டம்பர் நடுவிலேயே ஏறிவிடுங்கள்.

அக்டோபரில் போனால் என்ன ஆகும்? அந்த ஆண்டு முழுவதும் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். அக்டோபர் முதல் மார்ச் வரை வெளிநாட்டில் வாங்கிய சம்பளமும் இந்திய வரிக்குள் வரும். லண்டனுக்குப் போனவர் அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம். துபாய்க்குப் போனவருக்குக் கழித்துக்கொள்ள அங்கே வரியே இல்லை. வரியில்லா ஊருக்குப் போய் ஆறு மாதச் சம்பளத்துக்கு இந்தியாவில் முழு வரி கட்டுவது இப்படித்தான் நேர்கிறது.

வளைகுடாவில் உலவும் ஒரு வதந்தியையும் தீர்த்துவிடலாம். இந்தியாவில் வாடகை, வட்டி என்று 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள குடிமகன் எந்த நாட்டிலும் வரிக்கு உட்படவில்லை என்றால், அவரை இந்தியாவில் வசிப்பவராகக் கருதும் விதி 2020 முதல் உண்டு. அதைக் கேட்டு, துபாய் சம்பளத்துக்கு வரி வந்துவிட்டது என்று பயந்தவர்கள் அநேகம். அப்படிக் கருதப்படுபவர் சாதாரணமாக வசிக்காதவர் என்ற பிரிவில் வருவதால், அங்கே வேலை பார்த்து வாங்கும் சம்பளத்துக்கு இந்தியா வரி போடாது. 1961 சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வரும் வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கும். ஆடிட்டரிடம் பழைய எண்ணைச் சொல்லிக் குழம்ப வேண்டாம்.

போன பின் வங்கியில் சொல்லி சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுங்கள். வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு, அதன் வட்டிக்கு வரி இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிப்பார்கள். “யாருக்குத் தெரியப்போகுது” என்று பழைய கணக்கிலேயே ஓட்டுவது ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிமீறல். வீடு விற்கும்போது, பணத்தை வெளியே கொண்டுபோகும்போது இது முன்னால் வந்து நிற்கும்.

படி 5: ஊரில் உள்ள பாலிசியை என்ன செய்வது?

நிறுத்தாதீர்கள். வெளிநாட்டில் ஆகும் செலவை இந்திய பாலிசி பெரும்பாலும் தராது. அதனால் வீண் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஐந்து வருஷம் கழித்து சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு திரும்பி வந்து புதிதாக எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வைப்பார்கள். புது பாலிசியே தர மறுக்கவும் செய்யலாம். தொடர்ந்து கட்டிவந்த பாலிசியில் அந்தக் காத்திருப்பு கழிந்திருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. பெரிய நோய்க்கு ஊருக்கு வந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளவும் இந்தப் பாலிசியே கைகொடுக்கும்.

கம்பெனி குரூப் பாலிசியில் இருந்த பெற்றோரின் நிலை வேறு. நீங்கள் ராஜினாமா செய்யும் நாளில் அவர்கள் பாதுகாப்பும் முடிகிறது. கடைசி வேலை நாளுக்கு முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனி பாலிசிக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். அவர்களை உங்களோடு வந்து தங்க வைக்கும் எண்ணம் இருந்தால் அந்தச் செலவு தனி. கனடாவின் சூப்பர் விசாவுக்கு ஒரு லட்சம் கனடா டாலருக்குக் குறையாத, ஓராண்டு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அமெரிக்காவுக்கு வரும் பெற்றோருக்கு வாங்கும் விசிட்டர் பாலிசிகளில் பழைய நோய்களுக்கு எவ்வளவு தருவார்கள் என்ற பத்தியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

இ.சி.ஆர். (குடியேற்ற அனுமதி தேவை) முத்திரை பாஸ்போர்ட்டோடு வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளருக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம்: விபத்தில் மரணம் அல்லது நிரந்தர ஊனம் என்றால் 10 லட்சம் ரூபாய். பிரீமியம் சில நூறு ரூபாய்தான். ஏஜென்ட் எடுத்துவிட்டேன் என்று சொன்னால் நகலை வாங்கி ஒன்றை வீட்டில் வையுங்கள்.

படி 6: பெட்டியில் மருந்து

1. டாக்டர் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் வேதிப்பெயரும் இருக்கட்டும். நம் ஊர் மாத்திரையின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.
2. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை, குழந்தையின் தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் நகல்களைக் கைப்பையில் வையுங்கள்.
3. பல், கண்ணாடி வேலைகளை ஊரிலேயே முடியுங்கள். மேலே பார்த்த பெரும்பாலான நாடுகளில் பெரியவர்களுக்கு இவை காப்பீட்டுக்கு வெளியே அல்லது அரைகுறை.
4. டிரமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகள் ஐக்கிய அரபு எமிரேட்டில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகாதீர்கள். தூக்க மாத்திரைக்கும் விசாரியுங்கள்.
5. “எங்க பையனுக்கு இதை மட்டும் கொடுத்துடுங்க” என்று பக்கத்து வீட்டில் தரும் மருந்துப் பொட்டலத்தை வாங்கவே வாங்காதீர்கள். மசாலாப் பெட்டியில் கசகசாவும் வேண்டாம். ஐக்கிய அரபு எமிரேட்டில் அதற்குத் தடை, மாட்டியவர்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள்.

இறங்கிய முதல் இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியது: பிரிட்டனில் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஜி.பி.யிடம் (குடும்ப டாக்டர்) குடும்பத்தோடு பதிவு. ஜெர்மனியில் முகவரிப் பதிவும் காப்பீட்டு நிறுவனத் தேர்வும். நெதர்லாந்து என்றால் நான்கு மாதத்துக்குள் கட்டாயக் காப்பீடு. துபாயில் மனைவி, குழந்தை பாலிசியின் தொடக்கத் தேதியைச் சரிபார்த்தல். காப்பீடு தொடங்காத இடைவெளி நாட்களுக்கு, கிளம்பும் முன்பே குடும்பத்துக்கு ஒரு பயணக் காப்பீடு எடுத்து, அதன் அவசர எண்ணை எல்லார் போனிலும் சேமித்துவிடுங்கள்.